மேற்கே பார்த்த ஊர்

இந்த வாரக் கேள்விகள் எல்லாம் கம்பத்தைப் பற்றி.

கே: கம்பம் எங்கே இருக்கிறது? சுருக்கமாகச் சொல்லுங்கள். (சென்னை வாசகர்)

ப: தேனியிலிருந்து குமுளி சாலையில் தெற்கே போய்க்கொண்டே இருங்கள். ஒரு கட்டத்தில் மலை குறுக்கே வந்து நிற்கும். அதற்குச் சற்று முன்னால் இருப்பது கம்பம். மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை, கிழக்கே மேகமலை. இரண்டுக்கும் நடுவில் நெல், திராட்சை, வாழை, தென்னை, பீட்ரூட். மலைக்கு அந்தப் பக்கம் கேரளம்.

கே: மலையடிவாரம் என்றால் மழைக்குக் குறைவிருக்காதே? (விருதுநகர்)

ப: மலை இருப்பதால்தான் குறைவு. தென்மேற்குப் பருவமழை கேரளச் சரிவில் கொட்டிவிடும். இந்தப் பக்கம் வந்து சேர்வது காற்றும் சாரலும்தான். மேலே காடு நனைந்துகொண்டிருக்கும்போது கீழே வயல் காய்ந்து கிடக்கும். அந்த முரணைத் தீர்க்கத்தான் முல்லைப் பெரியாறு அணை வந்தது. மேற்கே ஓடிக் கடலில் கலந்த ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து, தண்ணீரைக் கிழக்கே திருப்பினார்கள். தேக்கடியிலிருந்து சுரங்கம் வழியாக வரும் நீர், ராட்சதக் குழாய்களில் இறங்கி லோயர் கேம்ப்பில் மின்சாரம் தந்துவிட்டு ஆற்றில் விழுகிறது. உத்தமமுத்துக் கால்வாய், பாளையம் பரவுக் கால்வாய் என்று பிரிந்து வயலுக்குப் போகிறது. மீதி நீர் வைகையில் சேர்ந்து மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வரை செல்கிறது. பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோக நெல். அணையில் நீர் இருந்தால் ஜூன் முதல் தேதி மதகு திறக்கும். மே கடைசி வாரம் டீக்கடைக்குப் போய்ப் பாருங்கள், அரசியலை விட அணையின் நீர்மட்டம்தான் அதிகம் பேசப்படும்.

கே: பென்னிகுயிக் தன் சொத்தை விற்று அணை கட்டினார் என்பது உண்மையா? (மதுரை)

ப: ஊர் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அது மதராஸ் மாகாண அரசு தன் பணத்தில் நடத்திய திட்டம். 1886-இல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு 999 ஆண்டுக் குத்தகை கையெழுத்தானது. 1895-இல் அணை திறக்கப்பட்டது. யானையும் காய்ச்சலும் காட்டு வெள்ளமும் சூழ்ந்த இடத்தில், சுண்ணாம்பும் சுர்க்கியும் கருங்கல்லும் வைத்து அந்த வேலையை முடித்த பொறியாளர் பென்னிகுயிக். அவரைக் கொண்டாட இதுவே போதும், வேறு கதை தேவையில்லை.

அவர் பிறந்த தேதி ஜனவரி 15. பொங்கல் நாளோடு பொருந்தி வருவதால், பாலார்பட்டியில் அவருக்கே பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் இருக்கிறது. கடைகளில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் அவர் படமும் மாட்டியிருக்கும். அந்த நன்றியை நான் வணங்குகிறேன். அதே நன்றியில் ஒரு பங்கு, அணை வேலையில் மலேரியாவுக்கும் விபத்துக்கும் பலியான கூலித் தொழிலாளர்களுக்கும் போக வேண்டும். அவர்கள் படம் எந்தக் கடையிலும் இல்லை. கல் சுமந்தவர்களின் பெயரும் மண்டபச் சுவரில் ஏறவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கே: கம்பம் திராட்சையில் கொட்டை இருக்கிறதே, ஏன் வாங்க வேண்டும்? (கோவை)

ப: கொட்டையோடு வாசமும் இருக்கிறதே! பன்னீர் திராட்சை என்ற பெயரே அதனால்தான். மஸ்கட் ஹாம்பர்க் என்பது அதன் வெளிநாட்டுப் பெயர். பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832-இல் கொண்டுவந்ததாகச் சொல்கிறார்கள். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மற்ற ஊர்களில் திராட்சைக்குப் பருவம் உண்டு. இங்கே தோட்டத்துக்குத் தோட்டம் முறை வைத்துக் கவாத்து செய்வதால், ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு பந்தலில் பழம் தொங்கும். மகாராஷ்டிரத்து விதையில்லாப் பழம் சந்தையில் குவியும் மாதங்களில்தான் விலை சரிகிறது. பன்னீர் திராட்சை பறித்தால் நெடுநாள் தாங்காது, கேட்ட விலைக்குக் கொடுத்தாக வேண்டும். அடுத்த முறை கடையில் இரண்டும் இருந்தால் கொட்டைப் பழத்தை எடுங்கள்.

கே: கம்பத்துக்கு ரயில் உண்டா? (திருச்சி)

ப: இல்லை. பக்கத்தில் போடிநாயக்கனூர் வரை 2023-இல் அகல ரயில் பாதை வந்தது. திண்டுக்கல்லிலிருந்து கம்பம் வழியாகப் பாதை கேட்டு இரண்டு தலைமுறை மனுக் கொடுத்துவிட்டது. மூன்றாவது தலைமுறையும் கொடுக்கிறது.

கே: சிலையே இல்லாத கோயில் அங்கே இருக்கிறதாமே? (சேலம்)

ப: நந்தகோபாலன் கோயில், தம்பிரான் மாட்டுத் தொழுவம். அங்கே சாமி மாடுதான். கன்றை நேர்ந்து விடுவார்கள். மாட்டுப் பொங்கலன்று சுற்றுவட்டாரமே அங்கே திரளும். அந்த மலைமாடுகளின் மேய்ச்சல் நிலம் மேகமலைக் காடு. 2021-இல் அது புலிகள் காப்பகமானது. புலிக்கும் இடம் வேண்டும், மாட்டுக்கும் புல் வேண்டும். காட்டை விட்டால் அந்த மாடு எங்கே மேயும் என்று யாராவது மாடு வளர்ப்பவரை உட்காரவைத்துக் கேட்க வேண்டும்.

கே: அரிக்கொம்பன் யானை வந்த அன்று ஊர் பயந்ததா? (திருவனந்தபுரத்திலிருந்து ஒரு தமிழ் வாசகி)

ப: பயந்தது. 2023 மே 27 காலையில் அது தெருவுக்குள் ஓடியது, 144 தடை உத்தரவு போட்டார்கள். யானை தாக்கிக் காயம்பட்ட ஒருவர் பின்னர் இறந்தார். சில நாளில் அதைப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காட்டில் விட்டார்கள். அம்மா, அந்த யானை சின்னக்கானலில் பிறந்து வளர்ந்தது. தன் காட்டிலிருந்து தூக்கிக் கொண்டுபோய் வேறிடத்தில் விட்டால் அது வழி தேடத்தானே செய்யும்? யானைக்கு மாநில எல்லை தெரியாது.

கே: இத்தனை விவசாயம் இருந்தும் கம்பத்துப் பெண்கள் ஏன் கேரளத்துக்கு வேலைக்குப் போகிறார்கள்? (தஞ்சாவூர்)

ப: கூலி மேலே இருக்கிறது, வீடு கீழே இருக்கிறது. நடவும் அறுப்பும் ஆண்டில் சில வாரம்தான். அறுப்புக்கும் இப்போது இயந்திரம் வந்துவிட்டது. ஏலத்தோட்டத்தில் களையெடுப்பு, காய் எடுப்பு என்று பல மாதம் வேலை இருக்கும். விடிவதற்கு முன்பே சோற்றுத் தூக்கோடு ஜீப்பில் ஏறினால், கம்பம்மெட்டு மலைப்பாதையில் வளைந்து வளைந்து வண்டன்மேடு பக்கம் போய், பொழுது சாயத் திரும்புவார்கள். ஒரு ஜீப்பில் ஏற வேண்டியதற்கு மேல் ஆள் ஏற்றுகிறார்கள், விபத்து நடக்கிறது, சில நாள் சோதனை நடக்கிறது, பிறகு பழையபடி. அந்த நேரத்துக்கு அரசுப் பேருந்து விட்டால் ஓடாதா? நிச்சயம் நிரம்பி ஓடும். உலகம் முழுக்கப் பாயசத்தில் மணக்கும் ஏலக்காயைப் பறிப்பவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போகக் கூடாது.

கே: கம்பத்துக்காரர் குணம் எப்படி? (ஈரோடு)

ப: எந்த மொழியில் கேட்டாலும் பதில் சொல்வார்கள். தமிழ், மலையாளம், வீட்டுக்குள் சிலருக்குக் கன்னடம், சிலருக்குத் தெலுங்கு.

கே: குடும்பத்தோடு வர ஆசை. எந்த மாதம் நல்லது? (காரைக்குடி)

ப: பழத்துக்கு எந்த மாதமும் வரலாம். சாரலுக்கும் சுருளி அருவிக்கும் ஜூலை, ஆகஸ்ட். கார்த்திகை, மார்கழியில் சபரிமலை வண்டிகள் நெருக்கும். கம்பம்மெட்டு வழி ஏறி குமுளி வழி இறங்க ஒருவழிப் பாதை ஆக்கிவிடுவார்கள், உங்கள் கணக்கு தப்பும். நாற்று நட்டு வயலெல்லாம் தண்ணீர் நிற்பதைப் பார்க்க வேண்டுமானால், ஜூனில் மதகு திறந்த செய்தி வந்த பிறகு கிளம்புங்கள்.