ஸ்டான்லியின் வால்

மேட்டூர் ஆர்.எஸ். வாசகர்: நம் மேட்டூர் அணைக்குப் பெயர் கொடுத்த சென்னை கவர்னர் ஸ்டான்லியின் பெயருக்குப் பின்னால் கூட்ஸ் வண்டி மாதிரி எழுத்துகள் வருகின்றனவே, என்ன அவை?

ஜி.சி.எஸ்.ஐ., ஜி.சி.ஐ.ஈ., சி.எம்.ஜி. முதலாவது 'இந்திய நட்சத்திரம்' என்ற அரச விருதின் உச்சப்படி. அடுத்தது 'இந்தியப் பேரரசு' விருதின் உச்சப்படி. அக்காலத்தில் இவை இரண்டும் பெரும்பாலும் கவர்னர் நாற்காலியோடு வந்த சீர்வரிசை. மூன்றாவது வேறொரு பிரிட்டிஷ் விருதின் கடைசிப்படி. 1934இல் வைஸ்ராய் வில்லிங்டன் விடுப்பில் போனபோது சில மாதம் அந்த வேலையை ஸ்டான்லிதான் பார்த்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 21 அன்று நம் அணையைத் திறந்தார். இவருடைய அப்பா கனடாவில் கவர்னர் ஜெனரலாக இருந்தவர். ஐஸ் ஹாக்கிக்காரர்கள் இன்றும் மோதிக்கொள்ளும் ஸ்டான்லி கோப்பை அவர் கொடுத்தது. அப்பா பெயரில் கோப்பை, மகன் பெயரில் 93.47 டி.எம்.சி. கொள்ளளவு. மகனே வென்றார்.

ஓமலூர் ஆசிரியை: இந்திய நட்சத்திரத்தை எதற்காக உண்டாக்கினார்கள்?

1857 கொடுத்த பயத்தில். கம்பெனி போய் ராணி ஆட்சி வந்ததும், கூட நின்ற ராஜாக்களுக்கு ஏதாவது தர வேண்டியிருந்தது. நிலம் கொடுத்தால் கையைக் கடிக்கும். நாடா கொடுத்தால் செலவு குறைவு. 1861இல் விக்டோரியா தொடங்கினார். 1866இல் அதை மூன்று படியாகப் பிரித்தார்கள். வெளிர்நீல நாடா, இரு ஓரமும் வெள்ளை. அதில் தொங்கும் பதக்கத்தில் ராணியின் முகம், சுற்றி 'விண்ணொளியே வழிகாட்டி' என்ற வாசகம், மேலே ஒரு நட்சத்திரம். கழுத்து மாலையில் தாமரை, பனையோலை, ரோஜா. சிலுவை மட்டும் இல்லை. வாங்குபவர்கள் இந்துவும் முஸ்லிமும் அல்லவா, அந்த ஜாக்கிரதை. அப்படியும் சிக்கல் வந்தது. உயிருள்ளவரின் உருவத்தை அணிவது மார்க்கத்துக்கு ஆகாதே என்று ஹைதராபாத் நிஜாம் தரப்பில் அவருடைய மந்திரி சாலார் ஜங் கேட்டார். லண்டனில் யாருக்கும் இது தோன்றவில்லை!

எடப்பாடி வாசகர்: அந்தப் பதக்கமெல்லாம் இப்போது பேரன்மார் பீரோவில் இருக்குமா?

நட்சத்திர விருதின் சின்னங்கள் இரவல் நகையாகத்தான் இருந்தன. வாங்கியவர் காலமானால் வாரிசுகள் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது விதியாக இருந்தது. எழுத்துகளை மட்டும் கல்லறையில் பொறித்துக்கொள்ள முடிந்தது.

கொளத்தூர் வாசகர்: அணைக்காகப் பாடுபட்ட நம்மவர் யாருக்கும் பட்டம் கிடைக்கவில்லையா?

சென்னை அரசில் சட்ட உறுப்பினராக இருந்து திட்டத்தை முன்னே தள்ளிய சி.பி. ராமசாமி ஐயர் 'இந்தியப் பேரரசு' விருதின் இரண்டாம் படியான கே.சி.ஐ.ஈ. வாங்கினார், பிற்பாடு 'இந்திய நட்சத்திர'த்தின் இரண்டாம் படியான கே.சி.எஸ்.ஐ.யும். ஆனால் கல் சுமந்தவர்களுக்குக் கூலி மட்டும்தான். ஊரையே விட்டுக் கொடுத்தவர்கள் உங்கள் பக்கத்துக்காரர்கள். நீர்மட்டம் இறங்கும்போது பண்ணவாடியில் நந்தி தலைகாட்டுகிறதே, அது அவர்கள் கும்பிட்ட கோயிலினுடையது. அவர்களுக்காக எந்தப் படியிலும் ஒரு நாடாத் துண்டுகூட இல்லை. விருதுப் பட்டியலில் எனக்கு உறுத்துவது இந்த இடம்தான்.

சங்ககிரி கல்லூரி மாணவர்: பட்டத்தைத் தூக்கி எறிந்த முதல் பெரிய மனிதர் தாகூர்தானே?

தாகூர் 'சர்' பட்டத்தைத் துறந்தது 1919. அதற்கு முந்தைய ஆண்டே நம்மவர் ஒருவர் முந்திக்கொண்டார். மதுரையில் பிறந்து, சென்னை உயர் நீதிமன்றத்தில் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் இருந்த எஸ். சுப்பிரமணிய ஐயர், கே.சி.ஐ.ஈ. அன்னி பெசன்ட்டைக் காவலில் வைத்தபோது, இந்தியாவுக்குத் தன்னாட்சி வேண்டும் என்று 1917இல் அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்கே கடிதம் எழுதிவிட்டார். லண்டனில் இந்திய விவகார மந்திரி மாண்டேகு கண்டித்தார். கிழவருக்கு வயது எழுபத்தைந்தைத் தாண்டியிருந்தது. கே.சி.ஐ.ஈ., திவான் பகதூர் இரண்டையும் துறந்தார். தாகூரை அறிந்த பாடப்புத்தகங்கள் இவரையும் ஒரு வரியில் சேர்த்தால் தாள் தீர்ந்துவிடாது.

நாமக்கல் வாசகி: தமிழர் யாராவது இப்போது பிரிட்டிஷ் அரச விருது வைத்திருக்கிறார்களா?

சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். 'ஆர்டர் ஆஃப் மெரிட்', 2022. 1902இல் ஏழாம் எட்வர்ட் தொடங்கியது. ஒரே நேரத்தில் 24 பேருக்கு மேல் இருக்கக் கூடாது, 'சர்' கிடையாது, மந்திரி சிபாரிசும் கிடையாது. திருத்தணி ராதாகிருஷ்ணனுக்கு 1963இல் கௌரவ உறுப்பினர் இடம் கொடுத்தார்கள். நட்சத்திர விருதோ 1948க்குப் பின் யாருக்கும் இல்லை, கடைசியாக உயிரோடிருந்த ஜி.சி.எஸ்.ஐ.யான திருவிதாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாள் 1991இல் காலமானார்.

திருச்செங்கோடு வாசகர்: பத்மஸ்ரீயைப் பெயருக்கு முன்னால் போட்டு ஃபிளெக்ஸ் வைக்கலாமா?

கூடாது. அரசியல் சாசனத்தின் 18ஆவது பிரிவு பட்டங்களை ஒழித்தது. பத்ம விருதுகள் பட்டம் ஆகா, ஆகையால் பெயருக்கு முன்னும் பின்னும் ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995 டிசம்பரில் சொல்லிவிட்டது. ஆனால் ஃபிளெக்ஸ் அடிப்பவர் தீர்ப்பா படிக்கிறார், அட்வான்ஸைத்தானே பார்க்கிறார்?