டூர் நோட்டீஸில் இல்லாத சென்னை

எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் சென்னை டூருக்கு நோட்டீஸ் தயாரிப்பது ஒரு தனிக் கலை. வண்டலூர், கிண்டி பாம்புப் பண்ணை, பிர்லா கோளரங்கம், எழும்பூர் மியூசியம், கோட்டை, வள்ளுவர் கோட்டம், மெரினா என்று எழுதிக்கொண்டே போய், கடைசியில் 'மற்றும் பல இடங்கள்' என்று முடிப்பார்கள். அந்த 'மற்றும் பல' என்பது பெரும்பாலும் டீசல் போடும் பங்க்.

இத்தனையும் ஒரே பகலில். கிண்டியிலிருந்து எழும்பூர் போய் வருவதற்கே சென்னைக்காரர்கள் பர்மிஷன் போடுகிறார்கள் என்பது தென்காசிப் பக்கம் உட்கார்ந்து நோட்டீஸ் எழுதுகிற ஹெச்.எம்.முக்குத் தெரியாது. தெரிந்தாலும் பயனில்லை. ஓர் இடத்தைக் குறைத்தால், 'போன வருஷத்தை விட நூறு ரூவா கூட வாங்குதீங்க, இடம் மட்டும் குறையுதே சார்?' என்று பெற்றோர் வந்து நிற்பார்கள். கட்டிய பணத்தை இடங்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்கிற கணக்கு அது. அந்தக் கணக்கில் பாம்புப் பண்ணைக்கும் பங்க்குக்கும் ஒரே விலை.

பள்ளியில் நான் நடத்துவது வரலாறு. டூரில் நடத்துவது கணக்கு, அதாவது தலை எண்ணுவது. ஏறினால் எண்ண வேண்டும், இறங்கினால் எண்ண வேண்டும், பாத்ரூம் போய்த் திரும்பினால் எண்ண வேண்டும். ஒரு தலை குறைந்தால் பதற வேண்டும் என்பது எல்லா வாத்தியாருக்கும் தெரியும். ஒன்று கூடினால் என்ன செய்வது என்று எந்த பி.எட். வகுப்பிலும் சொல்லித்தரவில்லை. வண்டலூர் வாசலில் ஒருமுறை அப்படிக் கூடியது. பள்ளிப் பஸ்கள் வரிசையாக நின்ற இடத்தில், எங்கள் யூனிஃபார்ம் நிறத்திலேயே நீலமும் வெள்ளையும் போட்ட ஒரு பையன் எங்கள் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, எங்கள் முறுக்கைத் தின்றுகொண்டிருந்தான். "யாருல நீ? எந்த ஸ்கூலு?" என்று பி.டி. சார் அதட்டினார். அவன் நிதானமாக மென்று விழுங்கிவிட்டு, "எங்க பஸ்ல பாட்டு சரியில்ல சார்" என்றான்.

அடுத்த தலைவலி கிழமை. செவ்வாய் என்றால் வண்டலூர் பூட்டு. வெள்ளி என்றால் எழும்பூர் மியூசியம் பூட்டு. திங்கள் என்றால் மெரினா லைட்ஹவுஸ் பூட்டு. இது டூர் நடத்துகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பூட்டிய கேட்டுக்கு முன்னால் வரிசையாக நின்று குரூப் போட்டோ எடுத்துக்கொள்ளும் பள்ளி ஒன்று எல்லா வாரமும் உண்டு. போட்டோவில் பூட்டு ரொம்பத் தெளிவாக விழும்.

வண்டலூர் சாதாரண இடமல்ல. 1855-ல் மதராஸில் தொடங்கிய மிருகக்காட்சி சாலை, இடம் போதாமல் 1985-ல் இங்கே வந்தது. பரப்பு சுமார் 600 ஹெக்டேர். நோட்டீஸ்படி அதற்கு ஒன்றரை மணி நேரம். வெள்ளைப் புலியைப் பார்க்க மூச்சு வாங்க ஓடினால், அது நமக்கு முதுகைக் காட்டிப் படுத்திருக்கும். "சார், உசுரு இருக்கா?" என்று ஒருவன் கேட்பான். காது அசைகிறதா என்று நான் உற்றுப் பார்ப்பதற்குள் பி.டி. சாரின் விசில் ஊதிவிடும். இப்படியே சிங்கம், கரடி, நீர்யானை எல்லாவற்றின் முதுகையும் பார்த்து முடித்தோம். வெளியே வந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்த பிறகுதான் உண்மையான காட்சி. மரத்திலிருந்து ஒரு குரங்கு இறங்கி, ஏழாம் வகுப்புப் பையனின் லெமன் சாதத்தைப் பிடுங்கி, சாவகாசமாக உட்கார்ந்து, ஊறுகாயை மட்டும் ஓரமாக ஒதுக்கிவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டது. விசில் ஊதியும் ஒருவனும் நகரவில்லை. ஊர் திரும்பும் வரைக்கும் பேச்சு அந்தக் குரங்கைப் பற்றித்தான். ஊறுகாயை ஏன் ஒதுக்கியது என்று கடைசி சீட்டில் ஒரு பட்டிமன்றமே நடந்தது.

எழும்பூர் மியூசியத்தில் வருண பகவான் எங்களுக்குப் பாடம் நடத்தினார். 1851-ல் தொடங்கிய மியூசியம் அது. அமராவதிச் சிற்பங்கள், திமிங்கிலத்தின் எலும்புக்கூடு, சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள் என்று ஒரு வாரத்துக்குச் சரக்கு உண்டு. எங்களுக்கு ஒதுக்கியது முக்கால் மணி நேரம். அதை அரை மணியிலேயே முடித்துவிட்டார்கள் பிள்ளைகள். கிளம்பலாம் என்றால் மழை பிடித்துக்கொண்டது. பஸ் எங்கேயோ நிற்கிறது, டிரைவர் போனை எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல், பார்த்ததையே மறுபடி பார்க்க ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் ஒருவன் ஒரு சிலையின் பீடத்துக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "சார், இந்த ஓட்டை எதுக்கு?" நான் தொண்டையைச் செருமி, சோழர் காலத்தில் என்று ஆரம்பிப்பதற்குள் பக்கத்தில் நின்றவன் சொன்னான்: "ஏல, கம்பு சொருகிக் கட்டத்தான். எங்க கோயில்ல சாமி புறப்பாட்டுக்கு எங்கப்பா கட்டுவாருல்லா." அவ்வளவுதான், அந்தச் சிலை கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற பொம்மையாக இல்லாமல், வீதியுலா போன சாமியாகிவிட்டது. எத்தனை பேர் தூக்கியிருப்பார்கள், நாலா, எட்டா? மழை வந்தால் எங்கே நிறுத்துவார்கள்? கைவலித்தால் யாரிடம் மாற்றிக் கொடுப்பார்கள்? சத்தம் கேட்டு வாட்ச்மேன் வந்தார். அவரும் ஆறு பேர் என்று ஒரு கணக்குச் சொன்னார். நான் ஒரு பீரியட் முழுக்கக் கத்தினாலும் ஏறாதது, ஓட்டையைப் பார்த்து ஏறியது. மழைக்கு டூரில் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கலாம் என்று ஹெச்.எம்.மிடம் சொன்னேன். அவர் ரசிக்கவில்லை.

பஸ் வராததால் மெட்ரோவில் போனோம். சென்னையில் மெட்ரோ ஓட ஆரம்பித்தது 2015-ல். எங்களுக்கு அன்றுதான். எழும்பூரிலிருந்து சென்ட்ரலுக்கு ஒரே ஸ்டாப். அதற்கு முன்னால் எஸ்கலேட்டர் என்ற மலையைத் தாண்ட வேண்டும். பிள்ளைகள் இரண்டே நிமிஷத்தில் கற்றுக்கொண்டார்கள். பையன்கள் இறங்குகிற படியில் ஏறிப் பார்க்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். மாட்டிக்கொண்டவர் பி.டி. சார். மாவட்ட அளவில் தடை ஓட்டம் ஓடியவர், காலை வைப்பார், எடுப்பார், மறுபடி வைப்பார். கடைசியில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "கையக் குடுங்க சார், கீழ பாக்காதீங்க" என்று பிடித்துக் கூட்டிப் போனாள். விசிலுக்கு அன்று முழுதும் ஓய்வு.

மெட்ரோ வேண்டாம் என்றால் எலக்ட்ரிக் டிரெயின் இருக்கிறது. பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் நடுவே 1931 முதல் மின்சார வண்டி ஓடுகிறது. டிக்கெட் சில ரூபாய்தான். பூக்கூடை, மீன்கூடை, ஐ.டி. கார்டு, தூங்குகிற கல்லூரிப் பையன், கடலை மிட்டாய் விற்கிறவர் என்று ஊரே ஒரு பெட்டியில் ஏறி இறங்கும். எந்த அருங்காட்சியகத்திலும் இதைக் கண்ணாடிக்குள் வைக்க முடியாது.

கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. 2010-ல் திறந்தது. நோட்டீஸில் அது வராது, ஏனென்றால் அங்கே டிக்கெட் கிடையாது. டிக்கெட் இல்லாத இடத்தை இடமாகவே சேர்ப்பதில்லை. உள்ளே குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. நம் புத்தகத்தை நாமே எடுத்துப் போய்ப் படிக்கவும் தனிப் பிரிவு உண்டு. நாங்கள் போனபோது அங்கே வரிசை வரிசையாகத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து ஒருத்தி என்னிடம் கிசுகிசுத்தாள்: "இவ்வளவு பெரியவங்க எல்லாம் எதுக்கு சார் படிக்காங்க?" டி.என்.பி.எஸ்.சி. என்றேன். "அப்ப பன்னண்டாப்போட முடியாதா?" என்று அவள் முகம் வாடியதுதான் அன்றைய தினத்தின் ஒரே சோகம்.

சாயங்காலம் மெரினா. 'கால் நனைக்கலாம், முட்டி நனைந்தால் டி.சி.' என்பது பி.டி. சாரின் சட்டம். பஜ்ஜி, சுண்டல், கையால் சுற்றும் ராட்டினம் எல்லாம் முடித்து உழைப்பாளர் சிலைக்கு வந்தோம். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959-ல் வைத்தார்கள். நாலு பேர் மூச்சைப் பிடித்துப் பாறையைப் புரட்டுகிறார்கள். அன்று விடியற்காலையில் திண்டிவனம் பக்கம் பஸ் மக்கர் பண்ணி, பெரிய பையன்களை இறக்கித் தள்ள வைத்திருந்தோம். சிலையைப் பார்த்ததும் அவர்கள், "சார், நமக்குத்தான் வச்சிருக்காங்க!" என்று கத்தினார்கள். விடுவேனா? 1923-ல் சிங்காரவேலர் இந்தியாவிலேயே முதல் மே தினத்தைக் கொண்டாடியது இந்தத் திருவல்லிக்கேணிக் கடற்கரையில்தான் என்று ஆரம்பித்தேன். முழுதும் கேட்டார்கள். கேட்டுவிட்டு, "அப்ப பஸ் தள்ளினதுக்குக் கூலி உண்டா சார்?" என்றார்கள். பாடம் புரிந்துவிட்டது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? ஆளுக்கு ஒரு மிளகாய் பஜ்ஜியில் உடன்பாடு ஏற்பட்டது.

மாணவர்களே, உங்களுக்குச் சொல்வது இதுதான். பட்டணம் போனால் ஒரு தடவையாவது எலக்ட்ரிக் டிரெயினில் நின்றுகொண்டு போங்கள். டிக்கெட்டை நீங்களே கேட்டு வாங்கி, மீதிச் சில்லறையை எண்ணிப் பாருங்கள். நெடுநாள் பூட்டிக் கிடந்து 2013-ல் மறுபடி திறந்த மெரினா லைட்ஹவுஸில் லிஃப்டில் ஏறி, ஊர் எதுவரை போகிறது என்று பாருங்கள். மியூசியத்தில் ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, அதன் பக்கவாட்டிலும் அடியிலும் என்ன இருக்கிறது என்று தேடுங்கள். வழி தெரியாவிட்டால் போனைத் தடவாமல் இளநீர்க் கடைக்காரரிடம் கேளுங்கள்.

ஹெச்.எம்.களுக்கு ஒரு விண்ணப்பம். ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும், மூன்றாவதாகச் சும்மா இருக்க ஒரு மணி நேரம் கொடுங்கள். பெற்றோருக்கும் ஒன்று. பிள்ளை திரும்பி வந்ததும் எத்தனை இடம் பார்த்தாய் என்று விரல் விட்டு எண்ணாமல், எதை ரொம்ப நேரம் பார்த்தாய் என்று கேளுங்கள். பதில் குரங்கு என்று வந்தாலும் திட்டாதீர்கள். நீங்கள் கட்டிய காசில் அதுவும் சேர்த்திதான்.