ஐயப்பன்தாங்கலில் கொல்கத்தா நேரம்

பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லி செல்லும் சாலையில் போரூரைத் தாண்டியதும் வரும் ஐயப்பன்தாங்கல், ஒரு காலத்தில் பஸ் புறப்படும் இடம் என்ற கீர்த்தியோடு திருப்தியடைந்திருந்த ஊர். இப்போது மணப்பாக்கம், போரூர் பக்கத்துக் கணினி அலுவலகங்களில் உத்தியோகம் பார்க்கும் இளைஞர்கள் வாடகைக்குக் குடியேறிவிட்டபடியால், மாடிக்கு ஒரு மென்பொருள் நிபுணராவது இங்கே வாசம் செய்கிறார். அப்படிப்பட்டவரைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு, ஒரு பென்ஷன்தாரர் தம் மேசைக் கணினியில் பழைய பாட்டுக் கேட்டுக் காலத்தைக் கழித்துவிடலாம் என்று நினைப்பது பேராசை.

எங்கள் மாடிப் பிள்ளையாண்டான் என் கணினியில் லினக்ஸை ஸ்தாபனம் செய்து, “அங்கிள், இனிமே மவுஸையே தொடாதீங்க, எல்லாம் டெர்மினல்லயே பண்ணலாம்” என்று உபதேசித்தான். அன்றே நான் இறக்கிக்கொண்ட ஒரு புரோகிராமின் பெயரை, கட்டளை தட்டும் அந்த டெர்மினல் ஜன்னலில் தட்டியதும், ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்று பதில் வந்தது. கோப்பு கண்ணெதிரே கிடக்கிறது. கணினியோ அப்படி ஒன்று பூலோகத்திலேயே இல்லை என்று சத்தியம் செய்கிறது. அதன் மேல் தோஷமில்லை. ‘பாத்’ என்ற சூழல் மாறியில், அதாவது புரோகிராம்களுக்கென்று பெயரிட்டு வைத்திருக்கும் குறிப்பில், எழுதியிருக்கும் கோப்புறைகளை மாத்திரம், எழுதியிருக்கும் வரிசையிலேயே தேடிப் பார்த்து, முதலில் அகப்பட்டதை ஓட்டிவிட்டு ஓய்வெடுப்பது அதன் ஸ்வபாவம். பட்டியலில் இல்லாத இடத்தை அது எட்டிப் பார்ப்பதில்லை. யுனிக்ஸின் ஏழாம் பதிப்பு 1979இல் வெளிவந்தபோது ஏற்பட்ட இந்தச் சூழல் சம்பிரதாயம், மேசைக் கணினிகளில் இன்றும் சிரஞ்சீவியாக இருக்கிறது.

“இதுக்கா அங்கிள் கவலை?” என்று பிள்ளையாண்டான் புதுக் கோப்புறையைப் பாத்தில் எழுதினான். பழைய பட்டியலையும் கூடவே சேர்த்து எழுதவேண்டும் என்ற நியமத்தை அவசரத்தில் விட்டுவிட்டான். எனவே என் புரோகிராம் ஓடிற்று. மற்ற யாவும் நின்றுபோயின. கோப்புகளைக் காட்டும் ‘எல்எஸ்’ காணோம். நகலெடுக்கும் ‘சிபி’ காணோம். கோப்புறை மாறும் ‘சிடி’ மாத்திரம் வேலை செய்தது. ஏனெனில் அது, நம் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லுக்குள்ளேயே ஜனித்தது, பாத்தின் தயவு அதற்கு வேண்டியதில்லை. ஆகவே எந்தக் கோப்புறைக்கும் தாராளமாகப் போகலாம். போன இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் வழியில்லை. இத்தகைய யாத்திரையை நம் நாட்டு வேதாந்திகள் சிலாகித்திருக்கக்கூடும்.

ஜன்னலை மூடித் திறந்தவுடன் எல்லாம் பழையபடி ஆயிற்று. காரணம், ஒவ்வொரு புரோகிராமும் தன்னைப் பெற்ற புரோகிராமின் சூழலை ஒரு பிரதி எடுத்துக்கொண்டு பிறக்கிறது. அதற்குப் பிறகு பெற்றவர் மாற்றுவது பிள்ளைக்கு எட்டாது. பிள்ளை மாற்றுவது பெற்றவரைப் பாதிக்காது. ‘எக்ஸ்போர்ட்’ என்று பிரகடனம் செய்யாத சொத்தோ பிள்ளைக்கு வருவதே இல்லை. இந்தத் தர்மசாஸ்திரம் நம் கூட்டுக் குடும்பங்களிலும் அமலுக்கு வந்திருந்தால், பூந்தமல்லி கோர்ட்டு வக்கீல்களில் பலர் வேறு தொழில் தேடியிருப்பார்கள். மாற்றம் நிலைக்கவேண்டுமானால், ஷெல் விழிக்கும்போதெல்லாம் படிக்கிற ‘பாஷ்ஆர்சி’ கோப்பில் அதை எழுதிவைக்க வேண்டும். விண்டோஸில் இதற்கென்று தனி ஜன்னலே உண்டு. அங்கே கோப்புறைகளைப் பிரிப்பது அரைப்புள்ளி, லினக்ஸில் முக்காற்புள்ளி. அங்கே முக்காற்புள்ளியை ‘சி’ டிரைவ் முன்பே சுவாதீனம் செய்துகொண்டுவிட்டது. ‘செட்எக்ஸ்’ என்ற கட்டளையை நம்பினாலோ, 1024 எழுத்துக்கு மேல் நீளும் பாத்தின் வால் அறுபட்டுப்போகும்.

இவ்வளவு படித்த பிறகு எனக்கு ‘டீஇசட்’ என்ற மாறியின் மேல் பிரியம் ஏற்பட்டது. கணினி எந்த ஊர் நேரத்தைக் காட்டவேண்டும் என்பதை நிர்ணயிப்பது அதுவே. ஆசியாவின் பெயர்ப் பட்டியல் முழுவதையும் துழாவினேன், சென்னை இல்லை. ஐயப்பன்தாங்கல்வாசிகள் ‘ஆசியா, கொல்கத்தா’ என்றே எழுதவேண்டும். டில்லிக்காரருக்கும் பம்பாய்க்காரருக்கும் அதுவே கதி என்பது ஓரளவு ஆறுதல். ஆயினும் மனம் கேளாமல், 1900ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியைக் கொல்கத்தா நேரத்தில் காட்டும்படி கட்டளையிட்டேன். திங்கட்கிழமை என்று சொல்லி, பக்கத்தில் ‘எம்எம்டி’ என்று போட்டது கணினி. அதாவது மதராஸ் நேரம்!

1792இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த மதராஸ் வானாராய்ச்சிக்கூடத்தின் கணக்குப்படி, கிரீன்விச்சுக்கு ஐந்து மணி இருபத்தொரு நிமிஷம் பத்து விநாடி முந்திய நேரம் அது. இந்திய ரயில்கள் பெரும்பாலும் அதைத்தான் அனுசரித்தன. 1906 ஜனவரி முதல் தேதி இந்திய நேரம் ஐந்தரை மணியாக நிர்ணயமான பிறகு, மதராஸ் நேரம் எட்டு நிமிஷம் ஐம்பது விநாடி பின்தங்கியதாக ஆயிற்று. உலகமெங்கும் ஓடும் கணினிகளின் நேரப் பட்டியலில், கொல்கத்தா என்ற பெயருக்குள், 1870 முதல் 1905 முடியவுள்ள காலத்துக்கு மதராஸின் கணக்கே பதிந்திருக்கிறது. ஆபீசுக்கு எட்டு நிமிஷம் தாமதமாகப் போகும் பிள்ளையாண்டானுக்கு, நான் பழைய மதராஸ் நேரத்தை அனுசரிக்கிறேன் என்று சொல்லிக்கொள்ள இதைவிடச் சிறந்த சாட்சியம் வேண்டாம்.

சூழல் மாறிகளைக் கையாளப் புகும் அன்பர்களுக்கு என் விக்ஞாபனம் இவ்வளவுதான்: பாத்தில் புதியதைச் சேருங்கள், பழையதை அழிக்காதீர்கள், பழைய ஜன்னலை மூடிப் புதியதைத் திறந்து பாருங்கள், அப்போதும் ஓடாவிட்டால், அதற்குப் பிறகு கணினியைத் திட்டலாம்.