மூணு நாப்பும் ஒரு மாப்பிள்ளையும்

என்ன மாப்ளே, செகண்ட் ஹேண்டுல காம்ப்ரசர் எடுத்திருக்கியாமே! டிபிஎக்ஸ் 160ஏ-ன்னு டீக்கடை வரைக்கும் பேச்சு. திருகுறதுக்கு மூணே நாப்தான் இருக்குன்னு உன் மூஞ்சி தொங்கிப் போச்சாம், நெசமா? பத்து நாப் இருந்தா பத்தையும் திருகியிருப்ப. இப்ப ஏழு தப்பு மிச்சம். செஞ்சவன் உன்னைய மனசுல வச்சுத்தான் செஞ்சிருக்கான்.

எங்க மைக்செட்டுல காம்ப்ரசர் என் கைதான். பேச்சாளர் மைக்கைக் கடிக்க வந்தா வால்யூமை இறக்குவேன். வீராவேசத்துல ரெண்டடி தள்ளிப் போனா ஏத்துவேன். பீடி பத்த வைக்கக்கூட நேரம் கிடைக்காது. அமெரிக்காவுல ரேடியோ ஸ்டேஷன்காரனுக்கும் ஒரு காலத்துல இதே பொழப்புதான். அங்க ஜிம் லாரன்ஸ்னு ஒருத்தர் 1960கள்ல எல்ஏ-2ஏ-ன்னு ஒரு பெட்டி கொண்டாந்தார். உள்ள ஒரு வெளிச்சத் தகடு, அதுக்கு எதிர்ல வெளிச்சம் பட்டா தடை குறையுற செல்லு. சத்தம் ஏறினா வெளிச்சம் ஏறும், வெளிச்சம் ஏறினா சத்தம் இறங்கும். எவ்வளவு அமுக்கணும், எவ்வளவு ஏத்தணும், அவ்வளவுதான் கேள்வி. அதுக்கு ரெண்டே நாப். உனக்கு ஒண்ணு கூடவே குடுத்திருக்கான், அழுவாத.

முதல் நாப் த்ரெஷோல்டு. எந்தக் கோட்டைத் தாண்டினா பிடிக்கணும்னு சொல்றது. அடுத்தது ரேஷியோ. இதை வாரத்துக்கு விட்ட நிலம்னு வச்சுக்க. 4:1ன்னா, கோட்டுக்கு மேல 8 டெசிபல் வெளஞ்சா உனக்கு 2 தான். 6-ஐ பெட்டி அளந்து எடுத்துக்கிடும். நீ போன வாரம் கோட்டைத் தரையில போட்டு, 20:1-ல வச்சு, விளக்கு மொத்தமும் எரியுதுன்னு பூரிச்சு நின்னியாமே. விளக்கு எரியுறதுதான் ஆசைன்னா சீரியல் செட்டுக்காரன்கூடப் போயிருக்கலாமேப்பா! பேச்சுக்கு 3:1, உரக்கப் பேசுறப்ப மட்டும் 4, 5 டெசிபல் குறைஞ்சாப் போதும். ஓவர் ஈஸின்னு ஒரு பட்டன் இருக்கு பாரு, அதை அமுக்கி வை. வெடுக்குனு பிடிக்காம பையப் பிடிக்கும்.

பிடிக்கிற வேகத்துக்கு அட்டாக்கும் விடுற வேகத்துக்கு ரிலீஸும் இல்லையேன்னு ஏங்குறியே, மாடி ஸ்டுடியோவுல லேப்டாப்புக்குள்ள 1176 வச்சிருக்கியே, அதுல என்ன கிழிச்ச? 1967-ல பில் புட்னம் கொண்டாந்த பெட்டியோட நகல் அது. அதுல அட்டாக் நாப்பை வலது கோடிக்குத் திருப்பினாத்தான் அதிவேகம், 20 மைக்ரோ செகண்டு. நீ மெதுவா வச்சிருக்கேன்னு அந்தக் கோடியில வச்சுட்டு, தவில் அடி எங்க போச்சுன்னு ஹார்ட் டிஸ்க்குல தேடுற. வலந்தலையில கூடு மாட்டுன விரல் விழுற 'டக்'கைப் பெட்டி தின்னுருச்சு. பின்னால வர்ற கார்வைதான் மிச்சம். இடது கோடியும் ஒரு மில்லி செகண்டுக்குள்ளதான். அந்த 'டக்' தப்பிக்கணும்னா 20, 30 மில்லி செகண்டு பொறுக்குற பெட்டி வேணும்.

இன்னொரு யோசனையும் சொல்றேன். கரகாட்டத்துக்கு நையாண்டி மேளம் வருதுல்ல, எல்லா மைக்கையும் ஒரே காம்ப்ரசருக்குள்ள தள்ளு. தவில்காரர் அடிக்கிறப்பெல்லாம் நாயனம் பதுங்கும், கையெடுத்தா எந்திரிக்கும். நாயனக்காரர் முறைச்சா, மூச்சு பத்தலண்ணேன்னு அவர் தலையிலயே கட்டிரு. அடி வாங்காம வீடு வந்து சேர்ந்தா எனக்கும் ஒரு போன் போடு.

மூணாவது நாப் அவுட்புட். உன்னைய மாதிரி ஆளுக்குத் தோதான நாப் இதுதான். பெட்டி குறைச்ச சத்தத்தை ஈடுகட்டுறேன்னு 10 டெசிபல் ஏத்து. பாடுற புள்ள வாயை மூடுன உடனே பெட்டி பிடியை விட்டுரும். ஏத்துன 10 மட்டும் அப்படியே நிக்கும். மானிட்டர் சத்தம் மைக்குல ஏற, மைக் சத்தம் மானிட்டர்ல ஏற, மேடை ஊளையிடும், தெருநாய் எல்லாம் பதில் சொல்லும். மாடியில பிரச்சனை இல்ல, அங்க ஹெட்போன்ல பாடுறாங்க. மேடையில ஏத்தணும்னா 2, 3-க்கு மேல போகாத.

நல்லா இருக்கா இல்லையான்னு பார்க்க, சத்தத்தை அமுக்காம அப்படியே விடுற பைபாஸ் பட்டன் இருக்கு. அதுலயும் சூது: சத்தம் கூடினது எதுவும் காதுக்கு நல்லாத்தான் இருக்கும். பைபாஸ்லயும் வெளியிலயும் ஒரே சத்தம் வர்ற மாதிரி வச்சுட்டு அமுக்கிப் பாரு. வித்தியாசமே தெரியலைன்னா பெட்டியைக் கழட்டி எனக்குக் குடு, நான் வித்துக்கிறேன்.

ஆனா வர்ற கூட்டத்துல தலைவர் பேசுறப்ப மட்டும் பைபாஸ் பக்கம் கையைக் கொண்டு போயிராத. அவர் கத்துற கத்துக்கு ஹார்ன் டிரைவர் கருகினா யார் காசு குடுப்பா? போன கூட்டத்துக்கே இன்னும் பாதி பாக்கி.