தர்மத்தின் கணக்கு

ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் ஆடி பிறந்துவிட்டால் ஆட்டுக்கறி மணக்க மொய் விருந்துகள் நடக்கும். உண்டவர் எழுதிய தொகை பேரேட்டில் ஏறி, அவர் விருந்து வைக்கும் முறை வந்ததும் சற்றே பெருத்து அவரிடமே திரும்பிவிடும். இத்தகைய அநாகரிக அவசரத்தை அமெரிக்கத் தர்மப் பிரபுக்கள் சகிப்பதில்லை. அங்கே கொடையாளர் ஆலோசனை நிதி என்றொரு திவ்வியமான ஏற்பாடு உண்டு: பணத்தை அதில் இட்ட வருஷமே வரிச்சலுகை கிட்டிவிடும், ஏழையின் கைக்கு அது எப்போது போய்ச் சேரவேண்டும் என்று மட்டும் சட்டம் கெடு விதிக்கவில்லை. பசித்தவன் பொறுமையென்னும் சற்குணத்தைப் பயில இதனினும் சிறந்த உபாயம் ஏது? தனியார் அறக்கட்டளைகள் மட்டும், பாவம், ஆண்டுதோறும் சொத்தில் சுமார் 5 சதவிகிதத்தை வழங்கியாக வேண்டும். ஆயினும் அந்தப் பங்கையும் மேற்படி நிதியிலேயே போட்டுவிட்டு, வழங்கியதாக எழுதிக்கொள்ள வழியிருக்கிறது.

இந்த உன்னத முறையை நாமும் கைக்கொண்டு, மொய்யை ஏட்டில் மட்டும் பதிந்து, பணத்தை அவரவர் மடியிலேயே பத்திரப்படுத்தலாமே என்று ஒரு பந்தலில் விண்ணப்பித்தேன். கணக்கெழுதும் பெரியவர் பரம சந்தோஷத்துடன் சம்மதித்து, எனக்குக் கறியும் சோறும் பரிமாறியாயிற்று என்று அதே ஏட்டில் எழுதிக்கொண்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.