மேற்கோள் தேவை

2009இல் 1962 சீனப் போரைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத உட்கார்ந்தபோது, ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். போரே ஒரு மாதம்தானே. அக்டோபர் 20இல் தொடங்கியது. நவம்பர் 21இல் சீனா தானாகவே சண்டையை நிறுத்திக்கொண்டது. நான்தான் இன்னும் நிறுத்தவில்லை.

அன்றைக்கு என் கையிலிருந்த சரக்கு "நயவஞ்சகச் சீனா", "நம் வீரர்கள்" என்ற இரண்டும்தான். 1914இல் சிம்லாவில் பிறந்த மக்மகன் எல்லைக்கோட்டைச் சீனா ஏற்கவே இல்லை என்பதையோ, அக்சாய் சின்னில் அவர்கள் சாலையே போட்டு முடித்த பிறகுதான் தில்லிக்கு உறைத்தது என்பதையோ எழுதவில்லை. எழுதினால் என்னையே சந்தேகப்படுவார்களே! ரெசாங் லாவுக்கு மட்டும் பத்து வரி. அதற்கு இன்றும் வெட்கப்படவில்லை. மேஜர் சைத்தான் சிங்கும் அவருடைய குமாவோன் வீரர்கள் நூற்றுச்சொச்சம் பேரும், பீரங்கித் துணைகூட இல்லாமல், நவம்பர் 18 விடியலில் அந்தப் பனிமேட்டில் நின்றதை அதற்கும் குறைத்து எழுத மனசு வராது.

இப்போது நான் அந்தக் கட்டுரைக்குக் காவல்காரன். கவனிப்புப் பட்டியலைப் பார்க்காமல் காலைக் காபி இறங்காது. கட்டுரையின் தகவல் பெட்டியில் 'விளைவு' என்பதற்கு நேரே 'சீன வெற்றி' என்றிருக்கும். சுதந்திர தினத்தன்று தவறாமல் அது 'இந்திய வெற்றி' ஆகிவிடும். மாற்றி வைப்பேன். தோல்விக்கான காரணங்களை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை அரசு 1963இலிருந்து பூட்டி வைத்திருக்கிறது. நான் என்னடாவென்றால் வரிக்கு வரி 'மேற்கோள் தேவை' என்று ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

போரின் முதல் நாளே விழுந்த கால்வான் காவல்சாவடி, கட்டுரையில் ஒற்றை வாக்கியமாகத்தான் கிடந்தது. 2020 ஜூனில் அதே பள்ளத்தாக்கில் ராமநாதபுரத்து ஹவில்தார் பழனி உட்பட 20 பேர் உயிரிழந்தார்கள். அன்றிரவு அந்த வாக்கியம் பட்ட பாடு! உரையாடல் பக்கத்தில் எனக்குச் 'சீனக் கைக்கூலி' பட்டம். ஆவேசமான ஒரு பத்தியை நீக்கி, சேர்த்தவருக்குக் கண்டிப்பான எச்சரிக்கையும் போட்டேன். நடை மட்டும் எங்கோ படித்ததாகத் தோன்றியது. பழைய பதிப்புகளைப் புரட்டினேன். 2009இல் நான் எழுதியதை எழுத்துப்பிழையோடு எடுத்து ஒட்டியிருந்தார், பாவம்.

போன மாதம் அப்பா கைபேசியில் கட்டுரையைப் படித்தார். 62இல் பாதுகாப்பு நிதிக்குக் கல்யாண மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தவர்.

"என்னடா, யாரோ அசலூர்க்காரன் எழுதின மாதிரி இருக்கு?"

இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு.

"மோதிரத்தைப் பத்தி ஒண்ணையும் காணோமே?"

"ஆதாரம் வேணும்ப்பா."

உள்ளே டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம். பழுப்பேறிய ரசீதோடு வந்தார்.

"இது செல்லாதுப்பா. வேற யாராவது புத்தகத்துல எழுதியிருக்கணும்."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி கைபேசியைப் பார்த்தார். இந்தியத் தரப்பில் இறந்தோர் 1,383. சீனத் தரப்பில் 722. மேற்கோள்கள் கச்சிதமாக நிற்கும், நான் பெருமைப்படும் வரி.

"இந்த 722 யார் சொன்ன கணக்கு?"

"சீனாக்காரங்களே சொன்னதுதான்."

"அவன் ரசீது காட்டினானா?"