செஞ்சிக்கோட்டைக்குத் துணைக்குப் போனேன்

இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் சுற்றுலாவுக்குத் துணையாக வரப் பெற்றோர் தேவை என்று வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்த மறுநிமிடமே எல்லா வீடுகளிலும் அவசர வேலை முளைத்துவிட்டது. என் மனைவி மட்டும் என்னைக் கேட்காமலே என் பெயரைக் கொடுத்துவிட்டாள். "லீவு நாள்ல வீட்ல சும்மாதானே இருக்கீங்க, சரித்திரம் வேற நிறையப் பேசுவீங்க" என்றாள். இதில் எது பாராட்டு என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

போகும் இடம் செஞ்சிக்கோட்டை. ராத்திரி உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். 1677இல் சிவாஜி பிடித்தது, 1690இலிருந்து 1698வரை முகலாயத் தளபதி சுல்பிகர் கான் முற்றுகையிட்டது, 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதித் தேசிங்கு ராஜா இளம் வயதில் மாண்டது, 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது என்று இரண்டு பக்கம். பேருந்தில் ஒரு பையன் வாந்தி எடுத்தபோது முதல் பக்கம் பயன்பட்டது.

என் பொறுப்பில் எட்டுப் பிள்ளைகள். பரமார்த்த குருவின் சீடர்கள் எண்ணும்போது தங்களை விட்டுவிட்டார்கள். நான் வேறு பள்ளிக்கூடத்துப் பிள்ளையையும் சேர்த்து எண்ணிக் கணக்கு சரி என்று நிம்மதியாக இருந்தேன். "நான் இவங்க ஸ்கூல் இல்ல அங்கிள்" என்று அதுவே சொல்லிவிட்டுப் போனது.

கல்யாண மகாலுக்கு முன்னால் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டேன். அந்தக் காலத்திலேயே மண்குழாய் வழியாக இதன் மேல்மாடிக்குத் தண்ணீர் கொண்டுபோனார்கள் என்றேன். "எங்க வீட்டுக்கு மூணாவது மாடிக்கே வர்றதில்ல" என்றாள் பக்கத்து பிளாக் சிறுமி. எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் யார் என்று அவள் சொல்வதற்குள், எல்லோரையும் தானியக் களஞ்சியத்துக்கு ஓட்டிக்கொண்டு போனேன்.

சாப்பாட்டு நேரத்தில் குரங்குகள் வந்தன. சுல்பிகர் கான் வருடக்கணக்கில் காத்துக்கிடந்து பிடித்த கோட்டை இது. என் புளியோதரைப் பொட்டலத்தைப் பிடிக்கக் குரங்குக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது.

ராஜகிரி மேல் பிள்ளைகள் ஏற வேண்டாம் என்று டீச்சர் சொன்னதும் உள்ளுக்குள் மகிழ்ந்து, வெளியே முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன். நடிப்பு கொஞ்சம் கூடிவிட்டது. "பாவம் சார், ஆசையா இருக்கு போல. நீங்க போயிட்டு வாங்க, இவங்கள நாங்க பாத்துக்கறோம்" என்று அனுப்பிவிட்டார். படிகள் செங்குத்து. என் முழங்கால்களோ பாங்கில் கடன் வாங்கிய காலத்திலிருந்தே பலவீனம்.

இறங்கி வந்ததும் எட்டுப் பேரும் சூழ்ந்துகொண்டார்கள். உச்சியில் என்ன இருக்கிறது? மிச்சமிருந்த பக்கத்தை மனத்துக்குள் புரட்டினேன். உச்சிக்குச் சற்றுக் கீழே மலை பிளந்து ஒரு பள்ளம், அதைத் தாண்ட மரப்பாலம், பாலத்தை எடுத்துவிட்டால் எந்தப் படையும் உள்ளே வர முடியாது என்று கையை வீசி விவரித்தேன். டீச்சர்கூட வாய் பிளந்து கேட்டார்.

"அப்பா, நீங்க அந்த மரத்தடியிலதானே இவ்ளோ நேரம் உக்காந்திருந்தீங்க?" என்றான் என் மகன்.

பெயர் கொடுக்கப்போகும் அப்பாக்களுக்கு ஒரு தகவல்: ராஜகிரி ஏறக்குறைய 800 அடி உயரம். ஏறுகிற ஆள் எங்கே உட்கார்ந்தாலும் அடிவாரத்தில் நிற்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்.